விடுதியைப் பூட்டிய நாள்: உள்ளே இருந்தவர்கள் எழுதுங்கள்

வடகரை:

2013 மார்ச். ஈழத் தமிழர் படுகொலைக்கு நீதி கேட்டுச் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் உண்ணாவிரதம் தொடங்கியதும், நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியதும், பிறகு மாநிலம் முழுதும் பரவியதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். டெல்டா பக்கம் எங்கள் கல்லூரியில் நிர்வாகக் கட்டடத்தின் கூடத்தையும் படிக்கட்டையும் பிடித்து உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். காலவரையற்ற விடுமுறை, மாலை 5 மணிக்குள் விடுதியைக் காலி செய்ய வேண்டும்.

எனக்கு நினைவில் நிற்பது அந்தத் தாள் அல்ல, மெஸ். நானும் இன்னொருவனும் தட்டுகள் எடுத்துவரப் போயிருந்தோம். பெரிய அண்டாவில் உலை கொதிக்கிறது, அரிசி பாதி வெந்திருக்கிறது. அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, 'அடுப்பை அணையுங்கள், இப்போதே' என்றார். மெஸ் மாஸ்டர், 'இன்னும் பத்து நிமிடம், வடித்துவிடுகிறேன்' என்று கெஞ்சினார். வந்தவர் நகரவில்லை. மாஸ்டர் ஒரு சொம்புத் தண்ணீரை விறகின் மேல் ஊற்றினார். புகை எழுந்து கண்ணை மறைத்தது. அந்தப் புகைக்குள் நின்றுகொண்டு நான் கேட்டேன்: 'அப்படியானால் எங்களுக்குச் சாப்பாடு கிடையாதா, மாஸ்டர்?' அவர் என்னைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை.

21ஆம் தேதி ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு 25, எதிர்ப்பு 13. நாங்கள் கேட்டது அதில் இல்லை. அந்த ஏமாற்றம்கூட ஆறிவிட்டது. அந்த அரைவேக்காட்டு அரிசி மட்டும் ஆறவில்லை. அவ்வளவு அரிசியை அவர் என்ன செய்திருப்பார்?

தாழம்பூ:

நான் உள்ளே இருந்தவள் என்று சொல்ல முடியாது. பாதியில் போனவள்.

2017 ஜனவரி, ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் சேர்ந்த இரண்டாம் நாள். எங்கள் ஊர் கடற்கரை இல்லாத ஊர். கல்லூரி முன்றிலிலேயே உட்கார்ந்தோம், பெண்கள் மட்டும் எழுபது பேருக்கு மேல். கல்லூரி முதல்வர் வந்து பேசவே இல்லை. போலீசும் வரவில்லை. அலுவலக அறையில் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஓர் எழுத்தர் ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசத் தொடங்கினார். ஜன்னல் திறந்திருந்ததால் எங்களுக்கு அவர் குரல் கேட்டது. 'உங்கள் பெண் இரவு முழுக்க வெளியே உட்கார்ந்திருக்கிறாள், யார் யாரோ வருகிறார்கள் போகிறார்கள், அப்புறம் எங்களைக் கேட்காதீர்கள்.'

பதிவேடு ஆங்கில அகர வரிசையில் இருந்தது. என் பெயர் மூன்றாவது. காலை 9 மணிக்குப் பேசினார், 11 மணிக்கு அப்பா வாசலில் நின்றார். திட்டவில்லை. என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். என் அறைத்தோழியின் பெயர் 'வி'யில் தொடங்கும். எழுத்தர் அவள் பெயருக்கு வர மதியம் ஆகிவிட்டது. அதற்குள் அவளே வீட்டுக்குப் பேசி, நடப்பதைச் சொல்லி, அம்மாவின் சம்மதமும் வாங்கிவிட்டாள். 23ஆம் தேதி காலை மெரினாவிலிருந்து எல்லோரையும் வெளியேற்றிய செய்தி வரும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

என் பெயர் வேறு எழுத்தில் தொடங்கியிருந்தால் நானும் இருந்திருப்பேனா? தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற காப்பாளர்:

வடகரை தம்பிக்கு. நான் உங்கள் கல்லூரி அல்ல, ஆனால் அதே மார்ச்சில் வேறோர் ஊரில் விடுதிக் காப்பாளராக இருந்தேன். கல்லூரிகளை மூடியது அரசு உத்தரவு. கையெழுத்துப் போட்டவர்களுக்கு வேறு வழி இல்லை. மூடியது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிதம்பரத்தில் ராசேந்திரன் என்ற மாணவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததை என் மூத்தவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். மாணவர்கள் கூடினால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் யாராவது ஒரு பிள்ளை வீடு திரும்பமாட்டான். எங்கள் தலைமுறைக்கு இந்தப் பயம் எலும்பில் இருக்கிறது. அதைக் கோழைத்தனம் என்று எளிதாகச் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலி செய்ய மறுத்து 30 பிள்ளைகள் மாடியில் தங்கிவிட்டார்கள். தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொன்னது நான். மேலிடத்திலிருந்து அப்படி ஓர் உத்தரவும் வரவில்லை, நானாகச் சொன்னேன். இரவு இரண்டு மணிக்கு அவர்கள் காலி வாளிகளைத் தட்டத் தொடங்கினார்கள். கோஷம் இல்லை, வாளிச் சத்தம் மட்டும். மோட்டார் அறைச் சாவி என் மடியில் இருந்தது. என் குடியிருப்பு நூறு அடி தூரம். விடியும்வரை கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். எழுந்து போகவில்லை.

செங்கல்:

ஐயா, உங்கள் நேர்மைக்கு மரியாதை. 'வேறு வழி இல்லை' என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை.

2016 மார்ச் 22, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம். இடைநீக்கம் செய்யப்பட்ட தலித் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா தற்கொலை செய்துகொண்டு இரண்டு மாதம் கழித்து, விடுப்பில் இருந்த துணைவேந்தர் திரும்பினார். போராட்டம், தடியடி, கைது. அன்று மெஸ் இயங்கவில்லை, தண்ணீரும் மின்சாரமும் இணையமும் இல்லை என்று மாணவர்கள் சொன்னது செய்தித்தாள்களில் வந்தது. 2021 ஜனவரி, சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி. அரசுக் கல்லூரிக் கட்டணத்தையே எங்களிடமும் வாங்குங்கள் என்று வாரக்கணக்கில் போராடிய பிள்ளைகளுக்குக் கிடைத்தது விடுமுறை அறிவிப்பும் விடுதியைக் காலி செய்யும் உத்தரவும். 2023 மார்ச், சென்னையின் கலாக்ஷேத்ரா நடனக் கல்லூரி. பாலியல் தொல்லைப் புகாருக்காக உட்கார்ந்த மாணவிகளிடமும் நிறுவனத்தை மூடுகிறோம், விடுதியைக் காலி செய்யுங்கள் என்றார்கள்.

மூன்று இடம், மூன்று கோரிக்கை, ஒரே பதில். இதில் எங்கே பயம் இருக்கிறது? விடுதி மாணவனுக்குச் சோறும் தண்ணீரும் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது, அதனால் முதலில் அதில் கை வைக்கிறார்கள். சிதம்பரத்துப் பிள்ளைகள் அசையவில்லை. அந்த மாத இறுதியிலேயே கல்லூரியை மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றி அரசாணை வந்தது. கலாக்ஷேத்ராவிலும் மாணவிகள் வெளியேற மறுத்தார்கள், மகளிர் ஆணையம் நேரில் வந்தது.

என் கதை சிறியது. எங்கள் விடுதியில் மின்சாரத்தை நிறுத்திய இரவு, கைப்பேசி அணையப் போகும் நேரத்தில் அம்மா அழைத்தார். 'சாப்பிட்டாயா?' 'சாப்பிட்டேன்.' அணைந்துவிட்டது. அந்தப் பொய்யை இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.

வழக்காடி:

எனக்கு நடந்தது இவ்வளவுதான்: நான்கு நாள் உள்ளிருப்புக்குப் பிறகு, தேதி போடாத மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஹால் டிக்கெட் கொடுத்தார்கள். மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் மற்றவர்களுக்கு 'நன்று', எனக்கு 'திருப்தி'.

இப்போது படிக்கிற பிள்ளைகள் இதைப் பார்த்தால் கவனியுங்கள். தேதி இல்லாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போடத்தான் வேண்டுமென்றால் தேதியை நீங்களே எழுதி, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாக இடைநீக்கம் என்று சொன்னால், உத்தரவை எழுத்தில் தாருங்கள் என்று கடிதம் கொடுத்து, அலுவலக முத்திரையுடன் நகல் வாங்குங்கள். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் கோபத்தில் விட்டுவிடாமல் கெடுவுக்குள் பதில் கொடுங்கள். பின்னால் நீதிமன்றம் போனால், நீங்கள் பதிலே தரவில்லை என்பதுதான் முதல் வாதமாக இருக்கும். கட்டடத்துக்குள் உட்காருங்கள், ஆனால் எந்த அலுவலரையும் அறைக்குள் அடைத்து வைக்காதீர்கள். சட்டவிரோதமாக அடைத்து வைத்ததாக வழக்கு வந்தால் வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பு வரை அது துரத்தும். ஆம்புலன்ஸ் வரும் வழியை மறிக்காதீர்கள். மருந்து சாப்பிடுகிறவர்கள் பட்டியலை முதல் நாளே ஒருவர் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் பக்கம் பேசும் பேராசிரியர் ஒருவராவது இருப்பார். பேச்சுவார்த்தைக்கு அவரையும் வைத்துக்கொள்ளுங்கள், தனியாக ஒரே ஒருவன் மட்டும் உள்ளே போகாதீர்கள். பெற்றோருக்கு நிர்வாகம் பேசும் முன் நீங்களே பேசிவிடுங்கள். தாழம்பூ செய்யத் தவறியது அதைத்தான்.

தாழம்பூ:

வழக்காடி அண்ணா, பயனுள்ள விஷயங்கள்தான். ஆனால் எனக்கு அப்போது 18 வயது. என்ன செய்திருக்க வேண்டும் என்று நான் இங்கே கேட்கவில்லை. அப்பாவின் பின்னால் நடந்த அந்த நடையைச் சொல்ல வந்தேன்.

திருநெல்வேலிச் சந்தி:

இது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. 2021 ஜனவரி 8 இரவு, பல்கலைக்கழக வளாகத்துக்குள், 2009இல் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காக எழுப்பியிருந்த நினைவுத்தூபி இடிக்கப்பட்ட செய்தி கேட்டு இராமநாதன் வீதிக்கு ஓடியவர்களில் நானும் ஒருவன். மாணவன் அல்ல, அயலவன். கதவு பூட்டியிருந்தது. உள்ளே இயந்திரத்தின் சத்தம் கேட்டது, ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு இடிச் சத்தத்துக்கும் 'ஐயோ' என்றார். சத்தம் நின்ற பிறகும் அவருடைய கை கம்பியை விடவில்லை.

பிள்ளைகள் வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 11ஆம் தேதி விடிய துணைவேந்தரே வந்து, கஞ்சி கொடுத்து உண்ணாவிரதத்தை முடித்துவைத்து, மீண்டும் கட்ட அடிக்கல்லும் வைத்தார். நிர்வாகம் இறங்கிவந்தும் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். முள்ளிவாய்க்காலில் கடைசி நாள்களில் சனம் குடித்ததும் கஞ்சிதான். அந்த விடியலில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அடுப்பங்கரை:

வடகரை அண்ணாவின் கேள்விக்கு. என் அப்பா மெஸ் மாஸ்டர். உங்கள் ஊர் அல்ல, ஆனால் அதே மார்ச்.

அவர்கள் அண்டாவையும் அன்று பாதியில்தான் இறக்கினார்கள். கஞ்சியை வடித்துவிட்டு, அரிசியைப் பழைய வேட்டியில் கொட்டி, அப்பாவும் இன்னும் மூன்று பேரும் மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா மாடியில் பாய் விரித்துக் காயவைத்தார். நான் எட்டாம் வகுப்பு, காக்கை விரட்டுவது என் வேலை. காய்ந்ததை இடித்துக் கஞ்சி வைத்துக் குடித்தோம்.

மெஸ் ஆட்களுக்குத் தினக்கூலி. விடுதி மூடியிருந்த நாள்களுக்குக் கூலி கிடையாது. அப்பா உங்களைப் போன்ற பிள்ளைகளை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. 'நம் பிள்ளைகளுக்காகத்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்' என்றுதான் சொல்வார். கல்லூரி திறந்ததும் பிள்ளைகள் எல்லோரும் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டு சாப்பிட்டார்களாம். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று ஒருவராவது கேட்பார் என்று அப்பா நினைத்திருந்தார்.

வடகரை:

தங்கை, நாங்களும் கேட்கவில்லை. விடுதி திறந்த அன்று வரிசையில் நின்றபோது அதே மாஸ்டர்தான் எனக்குச் சோறு போட்டார். நான் 'இன்னும் கொஞ்சம்' என்றேன்.