தலையை முட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு மூளையில் மின்தூண்டல்: விசாரித்தவர்கள் உண்டா?

தேவகோட்டை அப்பா:
மகனுக்கு 11 வயது. ஆட்டிசம், பேச்சு வரவில்லை. முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை எங்கள் வீட்டில் தேக்குத் தூண்கள். எல்லாவற்றிலும் ஆத்தா பழைய சேலையைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். அவன் துணி சுற்றாத நிலைக்கதவாகத் தேடிப் போய் நெற்றியை முட்டுகிறான். முரட்டுத்தனத்தைக் குறைக்க ரிஸ்பெரிடோன் மாத்திரை கொடுத்து உடம்பு போட்டதுதான் மிச்சம். கொஞ்ச நாளாக, முட்டுவதற்கு முன்னால் ஆத்தங்குடிக் கல்லில் இடது கன்னத்தை அழுத்திப் படுத்துக்கொள்கிறான். மூளைக்குள் கம்பி வைத்து இதைக் குறைக்கிறார்கள் என்று சிங்கப்பூர்ப் பங்காளி அனுப்பியிருந்தார். மதுரையில் ஒரு கிளினிக்கில் கேட்டால், தலைக்கு வெளியே மெஷின் வைப்போம், பேக்கேஜாகப் பணம் கட்டுங்கள் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? "பிள்ளைக்குக் கரண்டு வைக்கப் போறியளா"ன்னு ஆத்தா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, இரண்டும் வேறு. பங்காளி சொன்னது அறுவை சிகிச்சை. மண்டையில் துளையிட்டு மெல்லிய கம்பியை மூளையின் ஆழத்தில் இறக்கி, தோலுக்கடியில் வயர் இழுத்து, மார்பில் பேட்டரி வைப்பார்கள். பார்க்கின்சன் நோய்க்குப் பல வருஷமாகச் செய்வதுதான். ஆட்டிசப் பிள்ளைகளுக்கு இன்னும் ஆராய்ச்சிதான். ஜெர்மனியில் 13 வயதுப் பையன் ஒருவனுக்குச் செய்ததை 2013இல் எழுதினார்கள். டொரண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் 6 பிள்ளைகளுக்குச் செய்து பார்த்தார்கள். தன்னைத்தானே அடித்துக்கொள்வது குறைந்தது, உண்மை. ஆனால் மருந்து, பயிற்சி எதற்கும் அடங்காத, உயிருக்கே ஆபத்து என்கிற பிள்ளைகள் அவர்கள். ஆறு பேரை வைத்து என்ன முடிவுக்கு வருவது? மெஷின்காரரிடம், இதே தொந்தரவுள்ள எத்தனை பிள்ளைகளுக்கு என்ன பலன் என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம் பேக்கேஜ் பேச்சே வராது.

ஆத்தா பயப்படுகிற கரண்டு வேறு, ஈ.சி.டி. என்று மனநோய்க்குத் தலையில் மின்சாரம் பாய்ச்சுவது. அதைக்கூட 18 வயதுக்குக் கீழே நினைத்தபடி கொடுக்க முடியாது. 2017 மனநலச் சட்டப்படி பெற்றோர் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

இதெல்லாம் கிடக்கட்டும். குளிர்ந்த கல்லில் ஒரே கன்னத்தை அழுத்துகிறான் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. பேசாத பிள்ளைக்குப் பல்வலியும் காதுவலியும் இப்படித்தான் வெளியே வரும், மலச்சிக்கல்கூட. கடிக்கிறது எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

தேவகோட்டை அப்பா:
ஆச்சி, இப்போதுதான் முறுக்கு கொடுத்துப் பார்த்தேன். வலது பக்கம் ஒரு கடி, அப்புறம் கீழே வைத்துவிட்டான். உள்ளே பார்க்கலாமென்றால் வாயைத் திறக்க விடமாட்டேன் என்கிறான்.

காரைக்குடிக்காரன்:
அண்ணே, மயக்க மருந்து கொடுத்துப் பல் பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரியாகப் போங்க. வெறும் வயிறாக இருக்கணும், அதனால் காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்க. அதே மயக்கத்திலேயே காது டாக்டரையும் பார்க்கச் சொல்லி, ரத்தமும் எடுத்துடுங்க. ரிஸ்பெரிடோன் கொடுக்கிறதை முதல்லயே மயக்க டாக்டரிடம் சொல்லிடணும். முட்டுகிற வீடியோ ஒன்று போனில் இருக்கட்டும்; அங்கே போனால் பிள்ளை சமர்த்தாக உட்கார்ந்துடும், நாம சொல்றதை நம்ப மாட்டாங்க.