புதுப்பிப்பு: தம்பியின் வேலைக்கான ஜெபம்

தம்பியின் வேலைக்காகத் தினமும் ஜெபித்துச் சோர்ந்துவிட்டேன், நிறுத்திவிடலாமா என்று மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். நிறுத்தவில்லை.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லரைப் பற்றி ஒருவர் பதில் எழுதியிருந்தார். அதுதான் என்னைத் தாங்கியது. 1844 நவம்பரில் ஐந்து பேரின் மனந்திரும்புதலுக்காக அவர் ஜெபிக்கத் தொடங்கினார். முதலாமவர் மனந்திரும்பவே 18 மாதங்கள் ஆயின. இருவருக்காக 36 ஆண்டுகள் கடந்தும், பயணத்திலும் நோயிலும், ஒரு நாள்கூடத் தவறாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஜெபித்த பதினொரு மாதங்களை நினைத்து அழுதேன்.

இப்போது விடியற்காலையில் அம்மாவும் என்னோடு முழங்காலிடுகிறார். பைபிளில் லூக்கா 18இல் நீதிபதியிடம் விடாமல் முறையிடும் விதவையைப் போல, மீண்டும் மீண்டும் அதே விண்ணப்பம்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் போன வாரம் தம்பி தானாகவே வந்து எங்கள் அருகில் அமர்ந்து "ஆமென்" என்றான். இதற்காக நான் ஜெபிக்கவேயில்லை!

வியாழக்கிழமை அவனுக்கு நேர்முகத் தேர்வு. ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.