கீழ போனா ஓடுது, மேல வந்தா படுத்துக்குது: மலைல டெஸ்க்டாப் வச்சிருக்கறவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

காந்தல் ஜெராக்ஸ்

ஊட்டி காந்தல்ல ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் அப்ளிகேஷன் போடற கடைங்க நம்மளது. போன பனி சீசன்ல கடை சிஸ்டம் படுத்துன பாடு கொஞ்ச நஞ்சமில்ல. காலைல பட்டன அமுக்குனா ஃபேன் ஒரு சுத்து சுத்தும், நின்னுடும், தானா மறுபடி சுத்தும், நின்னுடும், ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது, வெளிய பட்டா சிட்டா பிரிண்ட்டுக்கு ஆளுக நிப்பாங்க, நான் கேபினெட்டையே பாத்துட்டு உக்காந்திருப்பேன். வெயில் நல்லா ஏறுனப்புறம் அதே பட்டன அமுக்குனா ஒண்ணுமே நடக்காத மாதிரி விண்டோஸ் வந்துடும். வந்தாலும் நிம்மதி இல்ல, டைப் பண்ணிட்டு இருக்கும்போதே அப்படியே நின்னுடும், மவுஸ் நகராது, கேப்ஸ் லாக் அமுக்குனா கீபோர்டுல லைட் கூட மாறாது. லைட் மாறுனா ஏதோ ஒரு புரோகிராம்தான் மாட்டிகிச்சுன்னு கொஞ்சம் காத்திருக்கலாம். மாறலைன்னா மொத்த மிஷினும் நின்னு போச்சு, பவர் பட்டன அமுக்கிப் புடிக்கறத தவிர வேற வழியில்ல.

கோவைல ஒரு கடைக்கு அனுப்புனேன். ஃபார்மேட் பண்ணி நல்லா ஓட்டிப் பாத்து ஒரு குறையும் இல்லைன்னு திருப்பிட்டாங்க, காசு மட்டும் கரெக்டா வாங்கிட்டாங்க. அவங்க சொன்னது பொய்யும் இல்ல, கீழ நிஜமாவே நல்லாதான் ஓடியிருக்கு. மேல கொண்டு வந்து காலைல போட்டா பழைய கதை.

அப்புறம் குன்னூர்ல இருந்து ஒரு சர்வீஸ் தம்பி காலைலயே வந்தாப்ல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாப்ல, "அண்ணா, மத்தியானத்துல எப்பவாச்சும் இந்த மாதிரி ஸ்டார்ட் ஆகாம இருந்திருக்கா?" இல்லப்பான்னேன். கையோட கொண்டு வந்த வேற எஸ்எம்பிஎஸ்ஸ, அதாங்க கேபினெட்டுக்குள்ள கரண்ட்ட மாத்திக் குடுக்கற பெட்டி, அத மாட்டுனாப்ல, அந்தக் குளிர்லயே முதல் அமுக்குல பூட் ஆயிடுச்சு. பழச பிரிச்சுக் காட்டுனாப்ல, ரெண்டு மூணு கெப்பாசிட்டர் தலை உப்பி, அடில பழுப்பா கசிஞ்சு காஞ்சு கெடந்துச்சு. அதுக்குள்ள ஈரமா ஒரு கெமிக்கல் இருக்குமாம், வருஷக்கணக்குல சூட்டுல காஞ்சு போகுமாம், மிச்சம் இருக்கறதும் குளிர்ல மந்தமாயிடும், அதனால முதல் அமுக்குல வோல்டேஜ் நிலைக்காது. எஸ்எம்பிஎஸ் "பவர் சரியா இருக்கு"ன்னு மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் குடுக்கணும், அது வராம போர்டு ஸ்டார்ட் ஆகாது. நாலஞ்சு தடவ ஆன் ஆஃப் பண்ணுனா கொஞ்சம் சூடாகி எந்திரிச்சுக்கும். கோவைல அந்தக் குளிரே இல்ல, அப்புறம் எங்க கோளாறு தெரியும்.

உங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு, எழுதுங்க.

கோத்தகிரி தோட்டம்

அண்ணா, உங்களுக்குப் பனி, எங்களுக்கு ஈரம். கோத்தகிரி பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைதான் பெருசு, வாரக்கணக்குல வெயிலே பாக்க முடியாது, சுவரெல்லாம் வேர்த்து நிக்கும். எங்க வீட்டு சிஸ்டம் ஆன் ஆகும், ஃபேன் ஓடும், டிஸ்ப்ளே மட்டும் வராது, பீப் பீப்னு நீளமா கத்தும். அப்பா இலைக் கணக்கெல்லாம் அதுலதான் வச்சிருக்கார், அவர் பண்ண ரகளை தனி. கழட்டிப் பாத்தா ரேமோட (மெமரி பலகைதான்) தங்கக் கலர் பல்லு மேல மங்கலா ஒரு படலம், ஸ்லாட் ஓரத்துல லேசா பச்சை பூத்திருந்துச்சு. மெயின் ஒயர புடுங்கிட்டு, பென்சில் ரப்பர்ல அந்தப் பல்ல மெதுவா ஒரே பக்கமா தேய்ச்சு, தூள் ஸ்லாட்டுக்குள்ள விழாம பிரஷ்ல தட்டிட்டு மாட்டுனேன், வந்துடுச்சு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கெடச்சா அதுல தொடைக்கறது இன்னும் நல்லது. ரெண்டு ரேம் இருந்தா ஒண்ணொண்ணா மாட்டிப் பாருங்க, எதுல கோளாறு, ஸ்லாட்டுலயா ரேம்லயான்னு அப்பதான் பிடிபடும். பூட் ஆகி நடு நடுவுல ஃப்ரீஸ் ஆகுதுன்னா ராத்திரி மெம்டெஸ்ட்86னு ரேம சோதிக்கற புரோகிராம ஓட விட்டுட்டு தூங்கலாம், காலைல சிவப்புல ஒரு வரி இருந்தாலும் அந்த ரேம நம்பாதீங்க.

எங்க வீட்டுல இன்னொரு கூத்து, கேபினெட் வச்சிருந்தது தரைல, வெளிச்சுவர ஒட்டி, பக்கத்துலயே வெந்நீர் அடுப்பு. ராத்திரியெல்லாம் சில்லுன்னு கெடக்கற தகரத்துல அந்த ஆவி பட்டா துளித்துளியா நிக்கும்ல, அது உள்ளயும்தான நடக்கும். இப்ப எடம் மாத்தியாச்சு. மழைக்காலத்துல வேலை இல்லைன்னாலும் தினமும் கொஞ்ச நேரம் ஓட விடறோம், அந்தச் சூட்டுல உள்ள ஈரம் தங்கறதில்ல.

கொடை மலைவாசி

நமக்கு கொடைக்கானல்ல கரண்ட்டுதான் எமன். காத்து அடிச்சா மரம் சாயும், கரண்ட் போகும், வரும், போகும், லைட்டு மங்கலா எரியும், திடீர்னு பளிச்னு ஆகும். யூபிஎஸ்ல பேட்டரி செத்துப் போய் சும்மா பேருக்கு நின்னுச்சு, அந்த நேரம் பாத்து மூணு நாலு தடவ அடுத்தடுத்து கட்டாச்சு. அன்னைல இருந்து ஃபோல்டர் தொறந்தா ஃப்ரீஸ், கேபினெட்டுக்குள்ள இருந்து டிக் டிக்னு சத்தம், அப்புறம் ஒரு நாள் பூட் டிவைஸ் இல்லைன்னு கருப்பு ஸ்கிரீன்ல ஒரு வரி, அவ்வளவுதான். ஹோம்ஸ்டே புக்கிங், ஜிஎஸ்டி பில்லு, பொண்ணு ஸ்கூல் போட்டோ எல்லாம் அதுக்குள்ள.

பாக்கறவன் எல்லாம் செக் டிஸ்க் போடுன்னு சொன்னான், டிஸ்க்ல பிழை தேடி சரி பண்ற விண்டோஸ் கமாண்ட் அது. மச்சான் ஒருத்தன் மட்டும் கத்துனான், "டேய், டிக் டிக்குனு அடிக்கற டிஸ்க்ல அதப் போட்டா முழுசா ஓட்டிக் கொன்னுரும், முதல்ல டேட்டாவ எடு". பென்டிரைவ்ல லினக்ஸ் போட்டு லைவா பூட் பண்ணி, முக்கியமான ஃபோல்டர மட்டும் முதல்ல காப்பி பண்ணான். பாதி போட்டோ தேறுச்சு, பில்லு எல்லாம் தேறுச்சு. அப்புறம் டிஸ்க்கோட நெலமைய காட்டற கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ புரோகிராம்ல பாத்தா மஞ்சள் கலர்ல எச்சரிக்கை, படிக்க முடியாத செக்டர் எக்கச்சக்கம். இப்ப எஸ்எஸ்டி போட்டாச்சு, யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரியும் போட்டாச்சு.

குன்னூர் சர்வீஸ்

காந்தல் அண்ணா சொன்ன தம்பி நான் இல்லைங்க, ஆனா அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. நம்ம மலைல ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி குளிர், ஈரம், கரண்ட் மூணையும் பாத்துடணும். ஒரு எச்சரிக்கை, எஸ்எம்பிஎஸ்ஸ நீங்களா பிரிக்காதீங்க, ஒயர புடுங்குன அப்புறமும் உள்ள பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம். மீட்டர் இருந்தா மஞ்சள் ஒயர்ல 12 வோல்ட் பாருங்க, 11.4க்கு கீழ போனா மாத்திடுங்க. விண்டோஸ் நடந்தத எல்லாம் பதிஞ்சு வைக்கற ஈவன்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41னு பாத்துட்டு எஸ்எம்பிஎஸ் போச்சுன்னு நெறைய பேர் வராங்க, அது ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம நின்னுச்சுன்னு மட்டும்தான் சொல்லும், காரணத்த சொல்லாது.

யாரும் சொல்லாத ஒண்ணு, மதர்போர்டுல தேதியையும் செட்டிங்கையும் காப்பாத்தற சிஆர்2032ங்கற காசு மாதிரி வட்ட பேட்டரி. ராத்திரி மெயின ஆஃப் பண்ணிட்டுப் போற வீடு, கரண்ட் இல்லாத நாளு, எல்லாம் சேந்து அது சீக்கிரம் தீரும். 3 வோல்ட் பேட்டரி, 2.7க்கு கீழ எறங்குனா நான் மாத்திடுவேன். அது தீந்தா தேதி பழசாகும், வெப்சைட் எல்லாம் பாதுகாப்பு இல்லைன்னு கத்தும், பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி ஓடற போர்டோட புரோகிராம்) செட்டிங் பழைய நெலமைக்குப் போய் டிஸ்க் மோடு மாறி விண்டோஸ் ஏறாது. சின்ன பேட்டரிக்கு, சிஸ்டமே போச்சுன்னு தூக்கிட்டு வருவாங்க.

ஊட்டி 2,240 மீட்டர், கடல் மட்டத்தவிட காத்து அடர்த்தி சுமார் 20 சதவீதம் கம்மி, அதனால ஃபேன் அதே வேகத்துல சுத்தினாலும் சூட்ட கம்மியாதான் இழுக்கும். குளிர் ஊருதானேன்னு பிராசசர் மேல சூட்ட கடத்தத் தடவற தெர்மல் பேஸ்ட்ட மறக்காதீங்க. கேபினெட்ட தொட்டா சுர்ருனு அடிச்சா எர்த் இல்லைன்னு அர்த்தம், அதுக்கு எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க. கீழ கொண்டு போனாலும் எறங்குன உடனே ஆன் பண்ண வேண்டாம், சில்லுன்னு இருக்கற போர்டுல மேட்டுப்பாளையத்து புழுக்கம் பட்டா நீர் கோத்துக்கும், ரெண்டு மணி நேரம் விட்டு போடுங்க.

காந்தல் ஜெராக்ஸ்

நன்றி தம்பி. பக்கத்து பார்லர் அக்கா ஹேர் டிரையர் குடுத்து ஊதிப் பாருங்கன்னாங்க, ஊதுனப்ப ஸ்டார்ட் ஆகத்தான் செஞ்சுச்சு, தப்பா?

குன்னூர் சர்வீஸ்

கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்க ஒரு தடவ, தூரமா புடிச்சு ஊதலாம்ணா. தினமும் அத வச்சு ஓட்டாதீங்க.

கொடை மலைவாசி

கோத்தகிரி தங்கச்சி, கேபினெட்ட எதுமேல வச்சிருக்கீங்க? இங்க ஸ்டாண்டு கெடைக்கல.

கோத்தகிரி தோட்டம்

ஸ்டாண்டெல்லாம் இல்லண்ணா, சில்வர் ஓக் கட்டை ரெண்டு, அது மேல டீத்தூள் பெட்டிப் பலகை. சுவருக்கும் கேபினெட்டுக்கும் நடுவுல ஒரு சாண் விட்டுடுங்க.