மென்டாருக்கு ஒரு சொல் வேண்டும்

காக்ஸ் டவுனிலிருந்து:
வணக்கம். பெங்களூரில் எங்கள் சபைக் கூடத்தில் அனிமேஷன், எடிட்டிங், ஒலிக்கலவை வேலைகளுக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு நடக்கிறது. ஒவ்வொருவருக்கும் துறையில் இருக்கும் மூத்தவர் ஒருவர் மென்டார். போன மாதம் ஒரு பெண், மூன்று மாதம் ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளைப் படம் படமாக, வரைந்து கொடுத்தும் காசு வரவில்லை என்று அழுதாள். அவளுடைய மென்டார் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை படம், ஒரு படத்துக்கு என்ன விலை என்று இன்வாய்ஸ் எழுத வைத்தார். அப்படிப்பட்டவருக்குத் தமிழில் என்ன பெயர்? கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘நெறியாளர்’ என்றால் டிவி விவாதம் நடத்துபவர் என்று நினைக்கிறார்கள். போதகர் ‘மேய்ப்பர்’ என்கிறார்.

ஜெயநகரிலிருந்து:
மேய்ப்பர் வேண்டாம் ஐயா. ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்னும் பைபிளின் 23-ஆம் சங்கீதம் தெரிந்தவர்களுக்கு அது இனிக்கும். மற்ற வீடுகளில் ‘இவனைக் கட்டி மேய்க்க முடியவில்லை’ என்றுதான் அந்தச் சொல் வருகிறது.

அல்சூரிலிருந்து:
மேய்த்தலை அப்படித் தள்ளிவிடாதீர்கள் அம்மா. பாஸ்டர் என்பதே இலத்தீனில் மேய்ப்பர்தான். மேயவிடுதல், ஊட்டுதல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. கத்தோலிக்கர் பிஷப்பை ‘ஆயர்’ என்பார்கள். ஆ, ஆயர் எல்லாம் நம் முல்லை நிலத்துச் சொற்கள். தொல்காப்பியமும் ‘மாயோன் மேய காடுறை உலகமும்’ என்கிறது. மேய்தலும் மேவுதலும் ஒரே வேர் என்பது என் துணிபு. மென்டார் மட்டும் என்ன? கிரேக்கக் கவி ஹோமரின் காப்பியத்தில், போருக்குப் போன ஒடிசியஸ் தன் வீட்டை ஒப்படைத்துச் சென்ற நண்பரின் பெயர்தானே!

தங்கவயலிலிருந்து:
ஐயா, அந்த ‘மேய’ என்பது மேவிய, விரும்பி உறைந்த என்ற பொருளில் வருவது. புல்லோடு அதைச் சேர்க்க வேண்டாம். நமக்கு ஆற்றுப்படை இருக்கிறதே! ஆறு என்றால் வழி; வழி சொல்லி அனுப்பும் பாட்டு அது. பத்துப்பாட்டில் 5 பாட்டு ஆற்றுப்படைதான். முருகாற்றுப்படை போக மற்ற நாலிலும், பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர் எதிரே வறுமையோடு வரும் கலைஞரிடம் எந்த வழியாகப் போ, யாரைப் பார் என்று சொல்கிறார். கலைத்தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று போடுங்கள்.

காக்ஸ் டவுனிலிருந்து:
வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்த பிள்ளைகள். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, எந்த ஆறு என்று கேட்டார்கள்.

ஜெயநகரிலிருந்து:
‘வழித்துணை’ என்று வைக்கலாமா? வாயில் புழங்குகிற சொல். வேலூர் பக்கம் விரிஞ்சிபுரத்தில் சிவனுக்கே வழித்துணைநாதர் என்று பெயர்.

தங்கவயலிலிருந்து:
ஆற்றுப்படையின் பொருள் அதில் பாதியாவது இருக்கிறது. சரி.

காக்ஸ் டவுனிலிருந்து:
போதகரும் சரி என்றுவிட்டார். ‘வழித்துணை’ என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

அல்சூரிலிருந்து:
நான் ஒப்பவில்லை. துணைக்கு வந்தவர் தன் ஊர் வந்ததும் இறங்கிக்கொள்வார். நூறு ஆட்டில் ஒன்று காணாமல் போனால் தேடிப் போகிறவர் மேய்ப்பர். இன்வாய்ஸ் எழுத வைத்தவர் அந்தப் பெண்ணுக்குத் துணையாக மட்டுமா இருந்தார்? இரண்டாம் பதிப்பின்போது மறுபடி கேட்பேன்.