பொருள்: ‘ஏவுபொத்தான்’ வேண்டாம், ‘கைநிரல்’ எப்படி?

ஐயா, வணக்கம்.

விக்கிப்பீடியாவில் பக்கங்களை எழுதித் திருத்தும் தொகுப்புப் பெட்டிக்கு மேலுள்ள கருவிப்பட்டையில் நாமே சிறு நிரல் (கணினிக்கு இடும் கட்டளை வரிகள்) எழுதிச் சேர்க்கும் பொத்தானுக்கு ‘ஏவுபொத்தான்’ என்ற சொல்லைத் தந்திருந்தீர்கள். அதைக் கிளிநொச்சியில் என் வகுப்பில் எழுதிக் காட்டினேன். இலக்கணப்படி குறை சொல்ல இடமில்லாத சொல். ஆனால் வன்னியில் ‘ஏவு’ என்று எழுதினால் கண் அடுத்துக் ‘கணை’யைத்தான் தேடுகிறது. பின்வாங்கில் இருந்த ஒருத்தி, “சேர், அழுத்தினால் எங்கே போய் விழும்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எல்லோரும் 2009க்குப் பின் பிறந்த பிள்ளைகள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. (ஏவல், செய்வினை என்ற பொருள் வேறு இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.)

‘பொத்தான்’ போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது, ‘தெறி’ என்போம் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். சட்டைக்கு நாங்களும் தெறி என்றுதான் சொல்கிறோம். ஆனால் ‘தெறியை அழுத்துக’ என்று படிக்கும் தமிழ்நாட்டு வாசகர் முகத்தைத் துடைத்துக்கொள்வார். இத்தனை காலம் சட்டையில் இருந்த பொத்தான் இங்கும் இருந்துவிட்டுப் போகட்டும்.

சொல் தேவைப்படுவது பொத்தானுக்கு அல்ல, அதன் பின்னால் இருக்கும் நிரலுக்கு. நான் வன்னிக் குளங்களைப் பற்றி விக்கியில் பக்கங்கள் எழுதி வருகிறேன். இரணைமடு என்றால் கனகராயன் ஆறு, வவுனிக்குளம் என்றால் பாலியாறு, முத்தையன்கட்டு என்றால் பேராறு. மற்றபடி வார்ப்புருவின், அதாவது விவரங்களை நிரப்பும் ஆயத்தப் படிவத்தின், வரிகள் எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஒவ்வொரு முறையும் தட்டச்சிட்டு அலுத்துப்போய் ஒரு பொத்தான் செய்தேன். அழுத்தினால் மாவட்டம், ஆறு, கொள்ளளவு, துருசுகளின் (மதகுகளின்) எண்ணிக்கை என்று வெற்று வரிகள் வந்து நிற்கும். நிரல் என் பயனர் பெயருக்குக் கீழான துணைப்பக்கத்தில் இருக்கிறது. எனக்கு மட்டுமே ஓடும், அடுத்தவர் திரையில் ஒன்றும் மாறாது. யாரிடமும் அனுமதி கேட்காமல், ஆசுபத்திரிக்குப் போகாமல் வீட்டில் இடித்துக் குடிக்கும் கைமருந்தைப் போன்றது. ஆகவே ‘கைநிரல்’. கைவிளக்கு, கைச்செலவு என்ற வரிசையில் உறுத்தாமல் உட்காருகிறது. பட்டையில் தெரிவது கைநிரல் பொத்தான்.

கூடவே இரண்டு சொற்கள். தெரிவு செய்த சொல்லுக்கு முன்னும் பின்னும் குறிகளை இடும் பொத்தான் வகை ஒன்று உண்டு. அதற்கு முன், நடு, பின் என்று மூன்று துண்டுகள் கொடுக்க வேண்டும்; எதையும் தெரிவு செய்யாமல் அழுத்தினால் நாம் எழுதிவைத்த நடுத்துண்டு வந்து நிற்கும். இதைப் ‘பொதித்தல்’ என்கிறேன். மதியத்துக்குக் கட்டிவரும் சோற்றுப்பொதியைக் காட்டினேன், பிள்ளைகளுக்கு உடனே விளங்கியது. மற்றது ‘கொக்கி’. கருவிப்பட்டை வந்து சேருமுன் நிரல் ஓடிவிட்டால் பொத்தானுக்கு ஒட்ட இடமிருக்காது, பிழைச்செய்தியும் வராது. இரண்டு மாலைப் பொழுதுகள் எனக்கு இதிலேயே போயின. பட்டை ஆயத்தமானதும் விக்கி விடும் அறிவிப்பில் நம் நிரலைக் கொளுவிவிட்டால் சரி. அந்தக் கொளுவும் இடம்தான் கொக்கி.

---

தம்பி,

பொதித்தல் நன்று, கொக்கியும் இருக்கட்டும். கைநிரல் இடிக்கிறது. தானியங்கிக்கு எதிர்ச்சொல்லாகக் ‘கைமுறை’ ஏற்கெனவே புழங்குகிறது. கைவேலையை மிச்சப்படுத்த வந்த ஒன்றுக்குக் கையையே பெயராக வைக்கலாமா? ‘பயனர் நிரல்’ என்றால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லையே.

---

ஐயா,

கைத்தொலைபேசியைக் கையால் சுழற்றும் தொலைபேசி என்று யாரும் எண்ணுவதில்லை. ஆனாலும் ஒரே பக்கத்தில் ‘கைமுறை’யும் ‘கைநிரலும்’ அருகருகே வந்தால் புதியவர் குழம்புவார் என்பது சரி. உதவிப் பக்கத்தின் தலைப்பில் ‘பயனர் நிரல்’ என்றே போடுவோம், பேச்சில் கைநிரல் ஓடட்டும். எது நிலைக்கிறது என்று பார்ப்போம். எல்லாப் பயனர்களும் விருப்பத்தேர்வுகளில் தெரிவு செய்துகொள்ளும்படி இடைமுக நிருவாகிகள் வைக்கும் நிரலுக்குக் கைநிரல் பொருந்தாது, அது பொதுச்சொத்து.

என் பொத்தானில் இப்போதைக்குக் ‘குளம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது.