பாட்டி பால் வெட்டியதை ஸ்லோவேனிய மொழியில் எப்படிச் சொல்வது?

சிப்புட் செல்வி:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி மனைவிக்குச் சொந்த ஊர் ஸ்லோவேனியாவில் உள்ள மாரிபோர். பாட்டி வேலை செய்த ரப்பர் தோட்டத்துப் படங்களை ஆல்பமாக்கி, அடியில் அவள் மொழியிலும் ரெண்டு வரி போட ஆசை. குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதி ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். 'டேப்பிங்' (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது) என்றதற்கு அது கதவைத் தட்டுகிற சொல்லைக் கொடுத்துவிட்டது. "பாட்டி ஏன் இருட்டில் போய் மரத்தைத் தட்டினார்?" என்று அவள் கேட்கிறாள். முப்பது வருஷம் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு (ரப்பர் மர வரிசைக்கு) போனவர் பாட்டி. அந்த உழைப்பு தப்பாகப் பதிவாகக் கூடாது. 'ரப்பர்', 'டேப்பிங்' இரண்டுக்கும் சரியான சொல் வேண்டும்.

குளிர்நாட்டு மாணவன்:
அக்கா, நான் லுப்லியானாவில் படித்தவன். அங்கே எல்லா ரப்பருக்கும் ஒரே சொல் கிடையாது. மரத்திலிருந்து கிடைக்கும் கச்சா ரப்பர் 'கவ்ச்சுக்'. பதப்படுத்தி டயர், செருப்பு என்று ஆகிவிட்டால் 'கூமா'. பென்சில் எழுத்தை அழிப்பது 'ராதிர்க்கா'. உங்களுக்கு முதல் சொல்தான் வேண்டும்.

'டேப்பிங்'குக்கு, கீறுவதைக் குறிக்கும் 'ஸரேஸாத்தி' பொருந்தும். ஆனால் அது ஒரு தடவை கீறி முடிப்பது. திரும்பத் திரும்பச் செய்தால் வினையே மாறி 'ஸரேஸோவாத்தி' ஆகிவிடும். பாட்டிக்கு இரண்டாவதைப் போடுங்கள்.

பழைய கிராணி:
தங்கச்சி, ஆங்கிலத்தை ஏன் நடுவில் வைக்கிறாய்? நாம் சொல்வது பால் வெட்டுவது. பட்டையை மெல்லிசாகச் சாய்வாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை ஒழுங்காக வராது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், இருட்டில் போனது அதற்குத்தான். இதை அந்தப் பெண்ணிடம் தமிழில் நினைத்துச் சொல். சொல்லை அவளே எடுத்துக் கொடுப்பாள்.

சிப்புட் செல்வி:
ஐயா, நேற்றிரவு அப்படியே செய்தேன். "மரத்தில் பால் வடியும்" என்றதும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பால் அவர்களுக்கு 'ம்லேக்கோ'. செடியின் தண்டை ஒடித்தால் வரும் வெள்ளைச் சாறு 'ம்லேச்செக்'. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் தோட்டத்துச் சொல்லும் அவர்கள் சொல்லும் ஒரே பாலிலிருந்து வந்திருக்கிறதே! தோட்டம் முழுக்க இப்போது செம்பனை (எண்ணெய்ப்பனை). அந்தச் சொல்லாவது ஆல்பத்தில் இருக்கட்டும்.

தம்பி, இன்னொன்று. தாத்தாவும் பாட்டியும் லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) வாசலில் நிற்கும் படத்துக்கு 'வேலைக்குப் போனார்கள்' என்று எழுத வேண்டும்.

குளிர்நாட்டு மாணவன்:
அதில் கவனம், அக்கா. நம் 'போனார்கள்' இரண்டு பேருக்கும் இருபது பேருக்கும் பொது. அவர்களுக்கு இருவர் என்றால் தனி வடிவம்: 'ஷ்லா ஸ்தா'. 'ஷ்லி ஸோ' என்று போட்டால் ஒரு கூட்டமே போனதாகிவிடும்.