கிளப் வாங்கிய பிளேயருக்கே வொர்க் பர்மிட் கிடைக்காமல் போவது எப்படி?

கார்னர்கிக்_காசி கேட்டது:

இங்கிலாந்து கிளப் பிரைட்டன் 2021 ஆகஸ்டில் ஜப்பான் ஆட்டக்காரர் மிட்டோமாவை வாங்கியது. வாங்கின கையோடு பெல்ஜியத்தின் யூனியன் சான்-ஜில்வாஸ் கிளப்புக்கு லோனில் அனுப்பிவிட்டது. அதே வருஷம் பிப்ரவரியில் எக்வடோரிலிருந்து இதே கிளப் வாங்கிய கைசேடோவுக்கு அந்தச் சுற்றுவழி இல்லை, நேராக இங்கிலாந்துக்கே வந்துவிட்டார். ஜப்பான் ஒன்றும் சின்ன அணி இல்லையே, மிட்டோமா டோக்கியோ ஒலிம்பிக்ஸ் அணியில்கூட இருந்தாரே?

பர்மிட்டுக்கு 15 பாயின்ட் வேண்டும் என்கிறார்கள். அது எப்படிச் சேர்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னும் இரண்டு சந்தேகம்: ஐஎஸ்எல்-லில் (இந்தியன் சூப்பர் லீக்) ஆடும் ஒருவர் நேராகப் போக வாய்ப்பு உண்டா? இங்கிருந்து எம்எஸ் படிக்கப் போகும் பையன் அங்கே சின்ன கிளப் ஒன்றில் ஆடலாமா?

பேண்ட்_கணக்கர்:

முதலில் யார் கையில் என்ன இருக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். விசா கொடுப்பது ஹோம் ஆபீஸ், அதாவது பிரிட்டன் உள்துறை. அதற்கு முன்னால் இங்கிலாந்து கால்பந்துச் சங்கமான எஃப்ஏ "இவர் தகுதியானவர்" என்று ஒப்புதல் தர வேண்டும். ஜிபிஇ என்று எல்லோரும் சொல்வது இந்த ஒப்புதலைத்தான். 15 பாயின்ட் கணக்கு இந்தக் கட்டத்தோடு முடிந்துவிடும்.

பாயின்டே எண்ணாமல் உள்ளே போக ஒரு வழி உண்டு, அது தேசிய அணி. ஃபிஃபா தரவரிசையில் முதல் 10 நாடுகளில் ஒன்றென்றால், கணக்குக் காலத்தில் அந்த அணி ஆடிய ஆட்டங்களில் 30 சதவீதம் ஆடியிருந்தால் போதும். நாடு கீழே இறங்க இறங்க இந்த அளவு ஏறும். 31 முதல் 50 வரை உள்ள நாடு என்றால் 70 சதவீதம். 50க்குக் கீழே இந்தக் கதவே கிடையாது. எண்ணப்படுபவை சீனியர் அணியின் போட்டி ஆட்டங்கள் மட்டும்: உலகக் கோப்பை, கண்டக் கோப்பை, அவற்றின் தகுதிச் சுற்றுகள், நேஷன்ஸ் லீக் மாதிரி. நட்பு ஆட்டம் சேராது. காயத்தால் தவறிய ஆட்டங்களை மருத்துவச் சான்று காட்டிக் கழிக்கலாம்.

மிட்டோமா சிக்கியது இங்கேதான். ஒலிம்பிக்ஸ் கால்பந்து 23 வயதுக்கு உட்பட்டோர் போட்டி, சீனியர் ஆட்டம் ஆகாது. பிரைட்டன் வாங்கிய நாளில் அவருக்கு ஒரு சீனியர் ஆட்டம்கூட இல்லை. முதல் ஆட்டம் 2021 நவம்பரில் ஓமனுக்கு எதிராகத்தான்.

அந்தக் கதவு மூடியிருந்தால் பாயின்ட். உலகத்து லீக்குகளை ஆறு பேண்டாகப் பிரித்திருக்கிறார்கள். இங்கிலாந்து, ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ் முதல் டிவிஷன்கள் பேண்ட் 1. போர்ச்சுகல், நெதர்லாந்து, பெல்ஜியம், துருக்கியின் முதல் டிவிஷன்கள் பேண்ட் 2. பிரேசில், அர்ஜென்டினா எல்லாம் பேண்ட் 3. பெயர் வராத மிச்ச லீக்குகள் மொத்தமும் பேண்ட் 6.

இதில் இரண்டு பெரிய பெட்டிகள். ஒன்று, லீக்கில் ஆடக் கிடைத்த நிமிடங்களில் எத்தனை சதவீதம் ஆடினார் என்பது. 90 சதவீதத்துக்கு மேல் ஆடினால் பேண்ட் 1-இல் 12, பிறகு 10, 8, 6, 4, 2 என்று இறங்கும். நிமிடம் குறையக் குறைய பாயின்டும் குறையும். இன்னொன்று, இப்போதிருக்கும் கிளப் எந்தப் பேண்டில் இருக்கிறது என்பது. அதற்கும் அதே 12, 10, 8, 6, 4, 2.

கூட்டிப் பாருங்கள். பேண்ட் 2-இல் எல்லா ஆட்டமும் ஆடுபவர் 20. பேண்ட் 3-இல் 16, மயிரிழையில் தேறுவார். பேண்ட் 4-இல் 12, வேறெங்காவது மூன்று தேட வேண்டும். பேண்ட் 6-இல் நாலே நாலு. ஒருவர் எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்பதைவிட எங்கே ஆடுகிறார் என்பதுதான் இங்கே கனமானது. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது, ஆனால் விதி அதுதான். மிட்டோமாவை ஒரு சீசன் பெல்ஜியத்தில் வைத்ததன் கணக்கும் இதுவே: பேண்ட் 2 நிமிடங்கள், கூடவே ஜப்பான் சீனியர் ஆட்டங்கள். 2022 கோடையில் பர்மிட் வந்தது.

மிச்சப் பாயின்ட்கள் கண்டப் போட்டி நிமிடங்கள், கிளப் லீக்கில் முடித்த இடம், கண்டப் போட்டியில் கிளப் எவ்வளவு தூரம் போனது என்பவற்றிலிருந்து வரும். கண்டப் போட்டியில் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீகும் தென் அமெரிக்காவின் கோபா லிபர்டடோரெஸும் ஒரே தட்டு. கைசேடோவுக்கு லிபர்டடோரெஸ் நிமிடங்களும் இருந்தன, எக்வடோர் சீனியர் ஆட்டங்களும் இருந்தன. 2021-க்குப் பிறகு இங்கிலீஷ் கிளப்புகள் தென் அமெரிக்காவில் இவ்வளவு மும்முரமாக வாங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஒரு எச்சரிக்கை: பேண்ட் பட்டியல் அவ்வப்போது மாறும். பழைய பட்டியலை வைத்துக் கூட்டாதீர்கள்.

ஆஃப்சைட்_அமுதா:

மேலே சொன்னதோடு பாஸ்போர்ட் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பர் 31 வரை ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் இருந்தால் இந்தக் கணக்கே தேவைப்படாது. அதனால்தான் அர்ஜென்டினாக்காரர்கள் தாத்தா வழி இத்தாலியப் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தார்கள். 2021 ஜனவரி 1 முதல் பிரெஞ்சுக்காரரும் பிரேசில்காரரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஐரிஷ் பாஸ்போர்ட் மட்டும் விதிவிலக்கு. அது பிரெக்ஸிட்டுக்கு முந்தைய பொதுப் பயண ஏற்பாட்டின் கீழ் வருகிறது. அயர்லாந்துப் பாட்டி இருந்தால் இன்றைக்கும் பாட்டி புண்ணியம்தான்.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கதை வேறு. ஃபிஃபா விதி 19-வது பிரிவு 18 வயதுக்கு முன் நாடு விட்டு நாடு மாற்றுவதைத் தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 முதல் 18 வரை ஒரு விலக்கு உண்டு, பிரெக்ஸிட்டோடு இங்கிலீஷ் கிளப்புகள் அதை இழந்துவிட்டன. ஃபாப்ரிகாஸை 16 வயதில் ஆர்சனல் கூட்டி வந்தது போல இனி முடியாது.

15 தொடாதவர்களுக்கு 2023 ஜூனில் ஒரு பக்கவாட்டு வாசல் திறந்தார்கள், பெயர் இஎஸ்சி (Elite Significant Contribution). இங்கிலாந்தின் முதல் இரண்டு டிவிஷன்களான பிரீமியர் லீக், சாம்பியன்ஷிப் கிளப்புகளுக்கு அதிகபட்சம் நாலு இடம். அடுத்த இரண்டான லீக் ஒன், லீக் டூ கிளப்புகளுக்கு இரண்டு. இங்கிலாந்து அணிக்கு ஆடத் தகுதியுள்ளவர்களுக்கு ஒரு கிளப் எவ்வளவு நிமிடம் கொடுக்கிறது என்பதோடு இந்த இடங்களின் எண்ணிக்கை கட்டப்பட்டிருக்கிறது. உள்ளூர்ப் பையன்களை உட்கார வைத்துவிட்டு வெளியாட்களைக் குவிக்க முடியாதபடி பின்னியிருக்கிறார்கள். இந்த வாசல் முன்பே இருந்திருந்தால் லிவர்பூல் 2015-இல் வாங்கிய நைஜீரிய ஆட்டக்காரர் அவோனியி ஆறு வருஷம் ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் என்று லோனில் சுற்றியிருக்க வேண்டியிருக்குமா என்பது விவாதத்துக்குரியது. அவருக்கு 2021-இல் பர்மிட் கிடைத்தது, அந்தக் கோடையிலேயே ஜெர்மனியின் யூனியன் பெர்லினுக்கு விற்றுவிட்டார்கள்.

ஹோம்குரோன் விதியை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். பிரீமியர் லீக்கின் 25 பேர் பட்டியலில் ஹோம்குரோன் அல்லாதவர்கள் 17 பேருக்கு மேல் கூடாது என்பது லீக்கின் விதி. 21 வயதுக்கு முன் மூன்று சீசன் இங்கிலாந்திலோ வேல்ஸிலோ பதிவாகி இருந்தால் ஸ்பானியரும் ஹோம்குரோன்தான்.

விசாக்_கோப்பு:

ஜிபிஇ வந்ததும் ஃபோட்டோ போட்டுவிடுகிறார்கள், ஆனால் வேலை பாதிதான் முடிந்திருக்கும். ஸ்பான்சர் உரிமம் உள்ள கிளப் ஸ்பான்சர்ஷிப் சான்று எண் ஒதுக்க வேண்டும், அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் பிளேயர் இன்டர்நேஷனல் ஸ்போர்ட்ஸ்பர்சன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு தடவைக்கு அதிகபட்சம் மூன்று வருஷம் கிடைக்கும், பிறகு நீட்டிக்கலாம். மருத்துவச் சர்சார்ஜ் வருஷத்துக்கு 1,035 பவுண்ட்.

எங்கே இழுபறி ஆகும் என்றால்:

ஆங்கிலம். 12 மாதத்துக்கு மேல் என்றால் ஏ1 என்ற ஆரம்ப அளவில் பேச்சும் கேட்பும் தேறியிருக்க வேண்டும். நைஜீரியா, கானா பாஸ்போர்ட் வைத்திருந்தால் தானாக விலக்கு கிடைக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம், கிடைக்காது. பரீட்சைக்கு நேரமில்லையென்றால் 12 மாதமோ அதற்குக் குறைவாகவோ முதல் விசா எடுத்து, உள்ளே வந்தபின் தேர்வெழுதி நீட்டிப்பார்கள்.

காசநோய்ப் பரிசோதனை. நைஜீரியா, கானா, இந்தியா போன்ற நாடுகளில் வசித்துவிட்டு ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் எடுத்த சான்று வைக்க வேண்டும். டிரான்ஸ்பர் டெட்லைனுக்கு இரண்டு நாள் முன் இது நினைவுக்கு வந்தால் திண்டாட்டம்தான்.

விசிட்டராக வந்து கிளப்பின் மெடிக்கல் பரிசோதனை முடித்தவர் அங்கிருந்தபடியே விசா மாற்ற முடியாது. வெளியே போய் விண்ணப்பித்துத்தான் திரும்ப வேண்டும். டிரான்ஸ்பர் முடிந்தும் முதல் ஆட்டத்தில் ஒருவரைக் காணோம் என்றால் பல சமயம் இதுதான் சங்கதி. டிரையலுக்கு விசிட்டராக வரலாம், டிக்கெட் வாங்கிய கூட்டத்தின் முன் ஆடக்கூடாது.

கிளப் மாறினால் புது ஜிபிஇ, புது சான்று, புது விண்ணப்பம்.

கார்னர்கிக்_காசி:

நன்றி. பேண்ட் 3-க்கும் 4-க்கும் நடுவில்தான் கோடு விழுகிறது என்பது இப்போதுதான் புரிகிறது. இந்தியக் கேள்வி இன்னும் நிற்கிறது.

பேண்ட்_கணக்கர்:

ஐஎஸ்எல் பேண்ட் 6, இந்தியா தரவரிசையில் 100-க்கும் கீழே. எல்லா நிமிடமும் ஆடினாலும் அந்த நாலு பாயின்டைத் தாண்டிப் பெரிதாக எதுவும் சேராது. 2009-இல் சுனில் சேத்ரியைக் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுக்கப் பார்த்தபோது அன்றைய விதி முதல் 70 நாடுகள் என்று இருந்தது, அதிலேயே தடுக்கி விழுந்தது. 2015-இல் அதை 50 ஆக்கினார்கள். நடைமுறை வழி என்றால் முதலில் பேண்ட் 2 அல்லது 3-இல் ஒரு கிளப்பில் நிலையாக இடம்பிடிப்பது. போர்ச்சுகல், பெல்ஜியத்தின் இரண்டாம் டிவிஷனில் ஆடினால் இந்தக் கணக்குக்கு உதவாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசாக்_கோப்பு:

படிக்கப் போகும் பையன் விஷயத்தில் கவனம் வேண்டும். ஸ்டூடன்ட் விசாவில் தொழில்முறை ஆட்டக்காரராக இருக்கக்கூடாது. இதில் "தொழில்முறை" என்பதன் வீச்சு பெரிது: செமி-புரொஃபஷனல் கிளப்பில் சம்பளமே வாங்காமல் ஆடினாலும் அடங்கும், அகாடமியில் பதிவு செய்திருந்தாலும் அடங்கும், கோச்சிங் வேலையும் அடங்கும். கடந்த இரண்டு வருஷத்துக்குள் மாநில அணிக்கு ஆடியவர் என்றால் போகும் முன்பே குடியேற்ற ஆலோசகரிடம் கேட்டுவிடுவது நல்லது. சும்மா ஞாயிற்றுக்கிழமை அமெச்சூர் லீகில் ஆசைக்கு ஆடுவதில் தப்பில்லை, பல்கலைக்கழக அணிக்கும் ஆடலாம். ஆனால் "செலவுக்கு மட்டும் ஏதோ தருகிறோம், பேப்பரில் வராது" என்று ஒரு கிளப் கூப்பிட்டால் போகவே வேண்டாம். மாட்டினால் கிளப்புக்கு அபராதத்தோடு போய்விடும், பையனுக்குப் படிப்பும் விசாவும் சேர்ந்து போகும்.

ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவரின் கணவன், மனைவிக்கும் இதே தடை: வேறு எந்த வேலையும் பார்க்கலாம், தொழில்முறை விளையாட்டும் கோச்சிங்கும் மட்டும் கூடாது.